ஸ்டான்லி கோப்பைக்கு எலீட் சென்டர் கட்டாயமா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கே பேசுவது ஐஸ் ஹாக்கியைப் பற்றி, அதிலும் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கைப் பற்றி. அதன் சாம்பியனுக்குக் கிடைப்பதுதான் ஸ்டான்லி கோப்பை. சென்டர் என்பவர் தாக்கி ஆடும் மூன்று ஃபார்வர்டுகளில் நடுவில் ஆடுபவர், அவருக்கு இருபுறமும் ஆடுபவர்கள் விங்கர்கள். "முதல்தர சென்டர் இல்லாமல் கோப்பை கிடையாது" என்று ஒருவர் சொல்வார், எட்மண்டன் அணியின் நட்சத்திர சென்டரைக் காட்டி "மெக்டேவிட் இருந்தும் எட்மண்டன் ஜெயிக்கலையே" என்று இன்னொருவர் சொல்வார், அங்கேயே பேச்சு நின்றுவிடும். இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் இருவரும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விக்கு.

நான் இதை ஒரு ஷீட்டில் போட்டு, வரிசையாகச் செய்து பார்த்தேன். அப்புறம் புதிதாக ஆட்டம் பார்க்க வந்த நண்பர்கள் சிலர் அதையே செய்தபோது பக்கத்தில் இருந்தேன். ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். அதனால் எந்தப் படியை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதை இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கூகுள் ஷீட், இரண்டு மாலை நேரம், ஹாக்கி ரெஃபரன்ஸ் தளம். இவை போதும். விருது வாக்கெடுப்பு, ஆட்டக்காரர்களின் புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவும் பாஸுக்கு ஒன்று), ஃபேஸ்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக் எனும் வட்டைக் கீழே போட, இரு அணியிலிருந்தும் ஒருவர் அதற்காக மோதுவது) எண்ணிக்கை எல்லாம் அந்த ஒரே தளத்தில் கிடைக்கும்.

2006 முதல் 2025 வரையிலான 20 கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-05 சீசன் முழுவதும் லாக்அவுட்டில் (உரிமையாளர்கள் ஆட்டத்தை நிறுத்தி வைத்த தகராறில்) போனது, 2005-06-இலிருந்து சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி மொத்தச் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய எல்லை, வந்தது. அதற்கு முன் பணக்கார அணி எத்தனை நட்சத்திரங்களை வேண்டுமானாலும் வாங்கிக் குவிக்கலாம். இரண்டு காலத்தையும் ஒன்றாகக் கலந்தால் கிடைக்கிற பதிலுக்கு அர்த்தம் இருக்காது.

ஷீட்டில் முதலில் ஐந்து நெடுவரிசைகள்: ஆண்டு, அணி, முதல் சென்டர், இரண்டாவது சென்டர், தேறினாரா. பெயர்களை இப்போதே நிரப்ப வேண்டாம். காரணம் மூன்றாவது படியில் வரும்.

2. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் கேள்வி: கோப்பை வென்ற அணிகளில் முதல்தர சென்டர் இருந்தாரா? இதற்கு வென்றவர்களைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: முதல்தர சென்டர் இருந்த அணிகள் எல்லாம் கோப்பை வென்றனவா? இதற்குத் தோற்றவர்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம்.

புதியவர்கள் முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் கிடைத்ததும் அதையே இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். வீடு கட்ட சிமென்ட் வேண்டும், ஆனால் சிமென்ட் மூட்டை வந்து இறங்கியதும் வீடு எழுந்துவிடாது. இரண்டு கேள்விகளையும் ஷீட்டில் இரண்டு தனித் தாள்களாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

3. பெயர்களைப் பார்க்கும் முன் விதியை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். இதில் தவறினால் மீதி எல்லாமே வீண்.

"முதல்தர சென்டர்" என்றால் யார்? இதைப் பெயர்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், கோப்பை வென்ற ஒவ்வொரு சென்டரும் உங்கள் கண்ணுக்கு முதல்தரமாகத்தான் தெரிவார். கோப்பையே அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருக்கும், அதை வைத்து நீங்கள் கோப்பைக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பாட்ரிஸ் பெர்ஜெரானை எடுத்துக்கொள்ளுங்கள். தற்காப்பில் சிறந்த ஃபார்வர்டுக்கான செல்கி விருதை ஆறு முறை வென்றவர். இன்று அவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் பாஸ்டன் கோப்பை வென்றது 2011-இல், அவருடைய முதல் செல்கி வந்தது 2012-இல். 2010-11 சீசனில் அவர் எடுத்தது 57 புள்ளிகள். அந்த ஏப்ரலில், அதாவது வழக்கமான சீசன் முடிந்து கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் தொடங்கும் நேரத்தில், நின்று பார்த்தால் அவர் நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். ஆன்ஜே கோபிட்டார் கதையும் இப்படித்தான்: லாஸ் ஏஞ்சலஸ் வென்றது 2012, 2014, அவருக்கு செல்கி கிடைத்தது 2016, 2018.

நான் வைத்துக்கொண்ட விதி இது. கோப்பை ஆண்டையும் சேர்த்துக் கடைசி மூன்று வழக்கமான சீசன்களில், ஏதாவது ஒன்றிலாவது, ஓர் ஆட்டத்துக்கான புள்ளி விகிதத்தில் லீக்கின் சென்டர்களுக்குள் முதல் 20 இடங்களில் இருந்திருக்க வேண்டும், அல்லது செல்கி வாக்கெடுப்பில் முதல் ஐந்தில் வந்திருக்க வேண்டும். இது தளர்ந்த விதி. இதற்குப் பக்கத்திலேயே ஒரு கடுமையான விதி: முதல் 10 இடம், அல்லது செல்கியை வென்றவர், அல்லது மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதின் இறுதி மூவரில் ஒருவர். இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள். எண்கள் பிடிக்கவில்லை என்றால் 20-ஐ 15 ஆக்குங்கள், பரவாயில்லை, ஆனால் பெயர்களைப் பார்த்த பிறகு மாற்றாதீர்கள்.

மொத்தப் புள்ளி வேண்டாம், ஓர் ஆட்டத்துக்கான விகிதம்தான் வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள். 2012-13-இல் ஒவ்வொரு அணியும் ஆடியது 48 ஆட்டம், 2020-21-இல் 56; அந்தச் சீசன்களின் மொத்தத்தை 82 ஆட்டச் சீசனோடு ஒப்பிட முடியாது. இரண்டாவது காரணம் காயம். வேகஸ் 2023-இல் வென்றபோது ஜாக் ஐக்கல் கழுத்து அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்தவர். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் அவர் ஆடியதே கொஞ்சம், 2022-23-இல் 67 ஆட்டங்களில் 66 புள்ளிகள். மொத்தத்தில் பார்த்தால் மூன்று சீசனிலும் முதல் 20-க்குள் வரவே மாட்டார். விகிதத்தில் பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு அருகில் வந்து நிற்பார். அதே ஆள்தான் அந்த பிளேஆஃபில் 26 புள்ளிகளோடு எல்லோருக்கும் முன்னால் இருந்தார்.

விருது வாக்குகளைப் பற்றி ஒரு சின்ன விஷயம். செல்கி, ஹார்ட் எல்லாம் வழக்கமான சீசன் முடிந்ததும், பிளேஆஃப் தொடங்கும் முன்பே வாக்களிக்கப்படுகின்றன. அறிவிப்புதான் பின்னால் வரும். அதனால் ரயன் ஓ'ரைலி 2019-இல் செயின்ட் லூயிஸுடன் கோப்பை வென்ற அதே ஆண்டில் பெற்ற செல்கியைத் தாராளமாகக் கணக்கில் சேர்க்கலாம்.

4. யார் உண்மையில் சென்டர் என்று சரிபாருங்கள்

தளத்தில் "சென்டர்" என்று போட்டிருந்தால் அவர் சென்டராகத்தான் ஆடினார் என்று அர்த்தமில்லை. லியோன் டிரைசைட்டில் பதிவில் சென்டர், ஆனால் மெக்டேவிட்டின் பக்கத்தில் விங்கராகவும் நிறைய ஆடியிருக்கிறார். ஸ்டீவன் ஸ்டாம்கோஸும் அப்படித்தான். ஹென்ரிக் செட்டர்பெர்க் இதற்கு நேர் எதிர்: பதிவில் விங்கர், ஆனால் சென்டராகவும் ஆடியவர்.

இதற்கு எளிய வழி ஃபேஸ்ஆஃப் எண்ணிக்கை. முழு நேர சென்டர் என்றால் ஒரு முழு சீசனில் ஆயிரத்துக்கு மேல் ஃபேஸ்ஆஃப் எடுப்பார். சில நூறுதான் என்றால் அவர் பெரும்பாலும் விங்கில் இருந்தவர்.

எண்ணிக்கையை மட்டும் பாருங்கள், வெற்றி சதவீதத்தில் மயங்காதீர்கள். 55 சதவீதம் ஜெயிப்பவருக்கும் 50 சதவீதம் ஜெயிப்பவருக்கும் 20 ஃபேஸ்ஆஃபில் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. சென்டரின் மதிப்பு பக் கீழே விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. எதிரணி நம் கோலைச் சுற்றி வரும்போது ஃபார்வர்டுகளில் முதலில் கீழே இறங்கி டிஃபென்ஸ்மேனுக்குத் துணை நிற்பது அவர்தான், பக்கைப் பெற்று நடுவழியே மேலே கொண்டுபோவதும் பெரும்பாலும் அவர்தான். விங்கர் தன் பக்கத்துப் பலகை ஓரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், சென்டர் மைதானத்தின் முழு நீளமும் ஓட வேண்டும்.

இன்னொரு நிபந்தனையையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள்: அவர் அந்த பிளேஆஃபில் ஆடியிருக்க வேண்டும். 2011 பாஸ்டன் அணியில் மார்க் சாவார்ட் இருந்தார், 2008-09-இல் 88 புள்ளி எடுத்தவர். விதியில் தேறிவிடுவார். ஆனால் தலைக்காயத்தால் அந்த ஜனவரிக்குப் பிறகு அவர் களமிறங்கவே இல்லை. 2020-இல் டாம்பாவின் ஸ்டாம்கோஸ் அந்த பிளேஆஃப் முழுவதிலும் ஆடியது ஒரே ஓர் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக. அதில் ஒரு கோல் அடித்தார் என்பது அழகான கதை, ஆனால் ஷீட்டில் அவரை எண்ணக்கூடாது.

5. இப்போது வென்ற 20 அணிகளை நிரப்புங்கள்

பெரும்பாலான வரிகள் எந்த விவாதமும் இல்லாமல் நிரம்பிவிடும். 2006 கரோலினாவில் 100 புள்ளி எடுத்த எரிக் ஸ்டால், அதே ஆண்டு செல்கி வென்ற ராட் பிரிண்டமோர். 2008 டெட்ராய்ட்டில் டாட்சுக். 2009, 2016, 2017 பிட்ஸ்பர்க்கில் கிராஸ்பியும் மால்கினும். 2018 வாஷிங்டனில் பேக்ஸ்ட்ராம், குஸ்னெட்சோவ். 2020, 2021 டாம்பாவில் பிரேடன் பாயின்ட், இரண்டு பிளேஆஃபிலும் 14 கோல். 2022 கொலராடோவில் மெக்கின்னன், அவருக்குப் பின்னால் 87 புள்ளியோடு காட்ரி. 2024, 2025 ஃபுளோரிடாவில் பார்க்கோவ்.

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியவை மற்றவைதான். 2007 அனாஹெய்மில் ஆண்டி மெக்டொனால்ட் 2005-06-இல் 85 புள்ளி எடுத்திருந்ததால் தளர்ந்த விதியில் தேறிவிடுகிறார், சாமுவேல் பால்சன் அந்த ஆண்டு செல்கி இறுதி மூவரில் இருந்தார். ஆனால் அந்த அணியின் தூண்கள் என்று கேட்டால் எவரும் முதலில் சொல்வது நீடர்மேயர், பிராங்கர் என்ற இரண்டு டிஃபென்ஸ்மேன்களை. 2010 சிகாகோவில் ஜோனதன் டேவ்ஸ் அந்த சீசனில் 68 புள்ளிதான், கடுமையான விதியில் தேறமாட்டார். அவரே அந்த பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கின் சிறந்த ஃபார்வர்டு, ஜூனில் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதாளர். 2011 பாஸ்டனும் கடுமையான விதியில் தேறாது.

இந்த இடத்தில் கை பரபரக்கும். "டேவ்ஸ் முதல்தரம் இல்லையா, என்ன விதி இது" என்று விதியைத் திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். சிவப்பு நிறம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அடுத்த வரிக்குப் போங்கள். டேவ்ஸுக்கு அப்போது 22 வயது, விதி கடந்த காலத்தைப் பார்க்கிறது, அவர் அந்த நேரத்தில்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புக் கட்டமே உங்களுக்கு ஒரு தகவல்: கோப்பை வெல்லும் அணியின் சென்டர் ஏப்ரலில் இன்னும் பெயர் வாங்காதவராகவும் இருக்கலாம்.

6. தோற்றவர்களின் தாள்

பலர் இந்தப் படியைச் செய்வதே இல்லை. ஐந்தாவது முடிந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் சுவையான விஷயங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

அதே விதியை வைத்துக்கொண்டு, விதியில் தேறியும் கோப்பை கிடைக்காத சென்டர்களை எழுதுங்கள். ஜோ தார்ன்டன், 2006-இல் ஹார்ட் விருது, நீண்ட ஆட்டக் காலம், கோப்பை இல்லை. ஹென்ரிக் செடின், 2010 ஹார்ட் விருது, 2011 இறுதியில் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. டொராண்டோவில் மாத்யூஸும் டவாரெஸும் 2018 முதல் ஒன்றாக ஆடியும் 2025 வரை இறுதிப் போட்டிப் பக்கமே போகவில்லை. எட்மண்டன் 2018-19-இல் மெக்டேவிட்டின் 116 புள்ளியையும் டிரைசைட்டிலின் 105 புள்ளியையும் வைத்துக்கொண்டு பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பஃபலோ. ஓ'ரைலியும் ஐக்கலும் 2015-16 முதல் 2017-18 வரை மூன்று சீசன் அங்கே ஒரே அணியில் இருந்தார்கள். பின்னாளில் இருவரும் தனித்தனியே வேறு அணிகளைக் கோப்பைக்குக் கொண்டுபோன சென்டர்கள். ஓ'ரைலிக்கு 2019-இல் கான் ஸ்மைத்தும் கிடைத்தது. அந்த மூன்று சீசனிலும் பஃபலோ ஒரு முறைகூட பிளேஆஃபுக்குப் போகவில்லை, மூன்றாவது சீசனில் லீக்கிலேயே கடைசி இடம். ஐக்கல் அப்போது இளைஞர் என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதே ஓ'ரைலி அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸுக்குப் போனார், அங்கே பியட்ராஞ்சலோ போன்ற டிஃபென்ஸ்மேன் இருந்தார், ஜனவரித் தொடக்கத்தில் லீக்கின் அடியில் கிடந்த அந்த அணி ஜூனில் கோப்பையைத் தூக்கியது. ஆள் மாறவில்லை, அவரைச் சுற்றி நின்றவர்கள் மாறினார்கள்.

அதனால் என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ஒரு நல்ல சென்டர் இல்லாமல் இந்த 20 ஆண்டுகளில் யாரும் வென்றதாக நான் பார்க்கவில்லை. அவர் லீக்கின் முதல் ஐந்து பேரில் ஒருவராக இருந்தே ஆக வேண்டும் என்ற வாதத்தை என் ஷீட் தாங்கவில்லை.

7. மற்ற இடங்களுக்கும் அதே சோதனை

சென்டரை மட்டும் சோதித்துவிட்டு "சென்டர்தான் முக்கியம்" என்று சொன்னால் அது நியாயமில்லை. கோலிக்கும் (கோல்காப்பாளர்) டிஃபென்ஸ்மேனுக்கும் இதே போல ஒரு விதி எழுதி அதே 20 அணிகளை ஓட்டுங்கள்.

கோலி நெடுவரிசை சீக்கிரமே சிவப்பாகும்: 2010 சிகாகோவில் நியேமி, 2022 கொலராடோவில் கெம்பர், 2023 வேகஸில் முதல் கோலியாகத் தொடங்காத ஏடின் ஹில். டிஃபென்ஸ்மேன் நெடுவரிசை சென்டருக்கு மிக அருகில் வரும். லிட்ஸ்ட்ராம், சாரா, கீத், டவுட்டி, ஹெட்மன், மக்கார் என்று வரிசை நீளும். ஆனால் 2006 கரோலினாவில் அப்படி ஒருவர் இல்லை, 2017 பிட்ஸ்பர்க்கில் லெட்டாங் காயத்தால் பிளேஆஃப் முழுவதும் வெளியே.

கூடவே கான் ஸ்மைத் பட்டியலையும் எண்ணிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. 2006 முதல் 2025 வரை 20 விருதுகளில் கோலிகளுக்கு 4, டிஃபென்ஸ்மேன்களுக்கு 4, விங்கர்களுக்கு 4, சென்டர்களுக்கு 7, மீதி ஒன்று இரண்டு இடத்திலும் ஆடிய செட்டர்பெர்க். பெரிய பங்கு சென்டர்களுக்குத்தான், அதிலும் 12 ஃபார்வர்டுகளில் அவர்கள் நான்கு பேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த ஏழில் ஒன்று 2024-இல் தோற்ற அணியின் மெக்டேவிட்டுக்குப் போனது. 42 புள்ளிகள் எடுத்தும் இறுதியின் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

8. இரண்டாவது சென்டர் நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள்

பிளேஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். ஆட்டம் நிற்கும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை சொந்த மைதானத்து அணிக்கு. அதனால் வெளியூரில் உங்கள் முதல் சென்டர் மீது அவர்கள் தங்கள் சிறந்த தற்காப்பு ஆட்களை விரும்பியபடி ஏவலாம். அப்போது ஆட்டத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது, மூன்றாவது சென்டர்தான்.

2016-இல் எதிரணிகள் கிராஸ்பியையும் மால்கினையும் பார்த்துக்கொண்டிருக்க, நிக் போனினோவின் மூன்றாவது வரிசை (ஒரு சென்டரும் இரண்டு விங்கர்களும் சேர்ந்தது ஒரு வரிசை) ஹேகலின், கெஸல் இருவரோடும் கோல்களைக் குவித்தது. 2025-இல் ஃபுளோரிடாவின் கான் ஸ்மைத் பார்க்கோவுக்குப் போகவில்லை, 15 கோல் அடித்த இரண்டாவது சென்டர் சாம் பென்னட்டுக்குப் போனது. பென்னட்டை எந்த விதியை வைத்தும் முதல்தரப் பட்டியலில் சேர்க்க முடியாது. சிகாகோ 2013-இல் பெரிய இரண்டாவது சென்டர் இல்லாமலே வென்றது என்பதையும் எழுதி வையுங்கள், அது உங்களை மிகைப்படுத்தாமல் காக்கும்.

9. சம்பளத்தை சதவீதமாகப் போடுங்கள்

டாலர் எண்ணை அப்படியே எழுதாதீர்கள். உச்சவரம்பு 2005-06-இல் 39 மில்லியன், 2024-25-இல் 88 மில்லியன். சென்டரின் சம்பளத்தை அந்த ஆண்டின் உச்சவரம்பால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு விஷயம் தெரியவரும். டேவ்ஸ் 2010-இல் அறிமுக ஒப்பந்தத்தில் (புதிதாக வரும் ஆட்டக்காரருக்கான குறைந்த சம்பள ஒப்பந்தம்) இருந்தார். 2015-இல் அவர் சம்பளம் 6.3 மில்லியன், உச்சவரம்பு 69, அதாவது சுமார் 9 சதவீதம். அடுத்த சீசனில் 10.5 மில்லியன், ஏறக்குறைய 15 சதவீதம். அதன் பின் அவரை வைத்துக்கொண்டு சிகாகோ கோப்பை வெல்லவில்லை. மெக்கின்னன் 2022-இல் வாங்கியது 6.3 மில்லியன், அது 8 சதவீதத்துக்கும் குறைவு. பாயின்ட் டாம்பாவின் இரண்டு கோப்பையிலும் 6.75 மில்லியன். மலிவாகக் கிடைத்த முதல்தர சென்டர்தான் மற்ற இடங்களை நிரப்பப் பணம் மிச்சம் வைக்கிறார். ஐக்கலும் பார்க்கோவும் 10 மில்லியன் வாங்கிக்கொண்டே வென்றார்கள், அதனால் இதைச் சட்டமாக எழுதிவிடாதீர்கள்.

10. எங்கிருந்து வந்தார் என்ற கடைசி நெடுவரிசை

டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை) எத்தனையாவது தேர்வு என்று எழுதுங்கள். கிராஸ்பி 1, மால்கின் 2, பார்க்கோவ் 2, டேவ்ஸ் 3. இதைப் பார்த்துவிட்டு "கடைசி இடத்துக்குப் போனால்தான் நல்ல சென்டர் கிடைப்பார்" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். தொடர்ந்து எழுதுங்கள்: பெர்ஜெரான் 45, 2011 பாஸ்டனின் இன்னொரு சென்டர் கிரெய்ச்சி 63, பாயின்ட் 79, டாட்சுக் 171. ஓ'ரைலியும் ஐக்கலும் பரிமாற்றத்தில் வந்தவர்கள்.

11. அடுத்த ஏப்ரலுக்கு ஒரு வரி

இவ்வளவும் முடிந்த பிறகு, வழக்கமான சீசன் முடியும் நாளில் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்ற 16 அணிகளையும் இதே விதியில் ஓட்டுங்கள். காயத்தில் இருப்பவர்களை நீக்கிவிடுங்கள். தேறிய அணிகளுக்குப் பச்சை, தேறாதவற்றுக்குச் சிவப்பு, கீழே தேதி. எத்தனை அணி பச்சையாகிறது என்று கட்டாயம் எண்ணுங்கள். பாதிக்கு மேல் பச்சை என்றால் உங்கள் விதி மிகவும் தளர்வு, வென்ற அணி அதில் இருந்தது என்று பின்னால் மகிழ்வதில் பொருளில்லை. அப்புறம் அந்தத் தாளைப் பூட்டி, நண்பர் ஒருவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், கோப்பை தூக்கும் இரவு வரை நீங்களும் அதில் கை வைக்க முடியாதபடி.